குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இந்த ஆண்டுதான் வேதியியல் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். முதலாமாண்டு பி.எஸ்சி. வேதியியல் வகுப்பு என் பொறுப்பு. பாதிக்கு மேல் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தவர்கள். "புரியுதா?" என்று கேட்டால் "புரியுது சார்" என்கிறார்கள். முதல் இன்டர்னலில் மோலுக்கு (துகள்களை எண்ண வேதியியலில் பயன்படும் அலகு) வரையறை கேட்டேன்; வரி பிசகாமல் எழுதியிருந்தார்கள். அடுத்த கேள்வி, 5 கிராம் கால்சியம் கார்பனேட்டில் எத்தனை மோல் என்பது. பலருடைய தாளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. சிவகாசிப் பட்டாசு, சுங்குடிச் சாயம் என்று நம் பக்கத்து உதாரணங்கள் சொன்னேன். ரசித்துக் கேட்டார்கள், தேர்வில் ஒன்றும் வரவில்லை. "இம்பார்ட்டன்ட் கொஸ்டின் கொடுத்துப் படிக்க வைங்க, பாஸ் பண்ணிடுவாங்க" என்கிறார்கள் மூத்தவர்கள். பிளஸ் ஒன் பாடத்தை முதலிலிருந்து நடத்தவா? தமிழிலேயே நடத்தலாமா? இரண்டு பையன்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்களை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

மதுரையில் பல ஆண்டுகள் முதலாமாண்டு வகுப்பு எடுத்து ஓய்வுபெற்றவள் நான். உங்கள் கடிதத்தில் அந்த வெற்றிடத்தைவிட, அதற்கு மேலே வரி பிசகாமல் இருந்த வரையறைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அந்தப் பிள்ளைகள் உழைத்திருக்கிறார்கள். ராத்திரி உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். அவ்வளவு உழைப்பும் எழுத்துக்கே போய்விட்டது. அந்த எழுத்து எந்தப் பொருளைச் சொல்கிறதோ அது இன்னும் அவர்கள் கண்ணில் படவில்லை. முதலாமாண்டு ஆசிரியருக்கு அதைக் காட்டுவதுதான் முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நாளைக்கே ஒன்று செய்து பாருங்கள். ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுங்கள். தண்ணீர் நன்றாகக் கொதிக்கும்போது அடியிலிருந்து பெரிய பெரிய குமிழிகள் கிளம்புகின்றன அல்லவா, அந்தக் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று படம் வரையச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம், மதிப்பெண் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிலர் காற்று என்று எழுதுவார்கள். சிலர் ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று தனித்தனி வட்டங்கள் போடுவார்கள். வெறும் வெற்றிடம் என்பவர்களும் உண்டு. நீர் மூலக்கூறுகளே முழுசாக, ஒன்றுக்கொன்று எட்டப் போய் நிற்கின்றன என்று வரைபவர்கள் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருப்பார்கள். இதை நம் ஊர்ப் பிள்ளைகளின் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1980-களின் தொடக்கத்தில் நியூசிலாந்தில் பள்ளி மாணவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டபோது இதே மாதிரியான விடைகள்தாம் வந்தன. நீரை மின்னாற்பகுத்தால், அதாவது மின்சாரம் செலுத்திப் பிரித்தால், என்ன கிடைக்கும் என்ற சமன்பாட்டைப் பிழையில்லாமல் சமன்செய்யும் மாணவிதான் கொதிக்கும் தண்ணீரும் ஹைட்ரஜனாக, ஆக்சிஜனாகப் பிரிகிறது என்று வரைகிறாள். சமன்பாடு ஒரு பக்கம், பாத்திரம் ஒரு பக்கம் என்று அவள் மனதில் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். வேதியியல் மூன்று தளங்களில் நடக்கிறது. கண்ணால் பார்க்கிற, கையால் தொடுகிற பொருள் ஒன்று. கண்ணுக்குத் தெரியாத அணு, மூலக்கூறு, அயனி இரண்டு. குறியீடு, சமன்பாடு, கணக்கு மூன்று. பாடம் தெரிந்த நாம் ஒரே மூச்சில் மூன்றுக்கும் தாவுகிறோம். "அமிலத்தில் காரத்தைச் சேர்த்தால் நடுநிலையாகும்" என்று சொல்லிக்கொண்டே கை சமன்பாட்டை எழுதுகிறது, வாய் ஹைட்ரஜன் அயனி என்கிறது. மாட்டுத்தாவணி, பெரியார், ஆரப்பாளையம் என்று மூன்று நிலையத்துக்கும் நாம் யோசிக்காமல் போய் வருகிறோம். முதல் தடவை மதுரைக்கு வருகிறவருக்கு எந்த பஸ் எங்கே நிற்கும் என்பதிலேயே பாதி நாள் போய்விடுகிறது. ஒரே நேரத்தில் மனதில் நிறுத்தி யோசிக்கக்கூடிய விஷயங்களுக்கு ஓர் அளவு உண்டு. அது நிரம்பியதும் பிள்ளைகள் தங்களால் முடிந்ததைச் செய்கிறார்கள், போர்டில் இருப்பதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.

அதனால் மோலை மேசையில் இருந்து தொடங்குங்கள். தண்ணீர் 18 கிராம், சமையல் உப்பு 58.5 கிராம், இரும்பு ஆணி 56 கிராம், கால்சியம் கார்பனேட் 100 கிராம், சர்க்கரை 342 கிராம். ஐந்து டம்ளர்களில் நிறுத்து வைத்துவிட்டு, "எதில் அதிகத் துகள் இருக்கு?" என்று கேளுங்கள். பெரும்பாலோர் சர்க்கரையைக் காட்டுவார்கள். ஐந்திலும் ஒரே எண்ணிக்கை என்று சொன்னதும் முகங்கள் மாறுவதைப் பார்ப்பீர்கள். ஒரு சர்க்கரை மூலக்கூறு ஒரு நீர் மூலக்கூற்றைப் போல் 19 மடங்கு கனம், அதனால்தான் டம்ளர் நிரம்பியிருக்கிறது என்பதை அவர்களே சொல்லும்வரை காத்திருங்கள். 12 கிராம் கார்பன்-12-ல் எத்தனை அணுவோ அத்தனை துகள் ஒரு மோல் என்ற பழைய வரையறைகூட 2019 மே 20 அன்று மாறிவிட்டது. இப்போது ஒரு மோல் என்றால் சரியாக 6.02214076 × 10²³ துகள்கள், அவ்வளவுதான். வரையறையே எண்ணிக்கையாக வந்துவிட்டது நமக்கு வசதி. அதன்பின் 100 கிராம் டம்ளரிலிருந்து 5 கிராம் கார்பனேட்டைத் தாளில் கொட்டிக் காட்டி, "இது அந்த டம்ளரில் எத்தனையில் ஒரு பங்கு?" என்று கேளுங்கள். இருபதில் ஒரு பங்கு, 0.05 மோல். இன்டர்னலில் வெற்றாக இருந்த கேள்வி இதுதான். சூத்திரம் இதற்குப் பிறகு வரட்டும்.

இனி லேபுக்கு வருகிறேன். என் கணிப்பில் முதலாமாண்டில் வேதியியல் பிடிபடுவதும் பிடிபடாமல் போவதும் அங்கேதான். நம் கல்லூரிகளில் அது ரெக்கார்டு எழுதும் இடமாகவே இருந்துவிடுகிறது.

ஆக்சாலிக் அமிலத்துக்கு எதிராகப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் டைட்ரேஷனை (பியூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிப்பது) எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக நடப்பது தெரிந்ததே. பிப்பெட்டில் 20 மில்லி ஆக்சாலிக் அமிலம், ஒரு டெஸ்ட் டியூப் நீர்த்த கந்தக அமிலம், சூடு, பியூரெட் திறப்பு, இளஞ்சிவப்பு, ரீடிங், வி ஒன் என் ஒன் என்ற சூத்திரத்தில் கணக்கு. பக்கத்து மேசையில் வந்த ரீடிங்கைப் பார்த்துத் திருத்திக்கொள்வதும் உண்டு. இதையே அரை வேகத்தில் நடத்துங்கள்.

முதல் சில சொட்டு விழும்போது எல்லோரையும் பியூரெட்டை மூடச் சொல்லுங்கள். பிளாஸ்க்கை மட்டும் பார்க்க வேண்டும். ஊதா நிறம் உடனே போகாது. கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும், பிறகுதான் மெல்ல வெளிறும். இன்னும் சில சொட்டு விடச் சொல்லுங்கள். இப்போது விழுந்த வேகத்தில் நிறம் மறையும். "முதல்ல ஏன் லேட்டு, இப்ப ஏன் சீக்கிரம்?" என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் நில்லுங்கள். ரொம்ப நேரம் மௌனமாக இருக்கும். விட்டுவிடுங்கள். யாராவது ஒருவர், "சார், உள்ள ஏதோ புதுசா உருவாகி அது உதவி பண்ணுதா?" என்பார். அதுதான். வினையில் உண்டாகும் மாங்கனீஸ் இரண்டு அயனியே வினையை விரைவாக்குகிறது. இந்தத் தன்வினையூக்கத்தைக் கேள்வியாகக் கேட்டுத் தானே கண்டுபிடித்த பிள்ளை அதை மறப்பதில்லை.

யாராவது ஒருவருடைய பிளாஸ்க் பழுப்பாகக் கலங்கியிருக்கும். வழக்கமாக அதைச் சிங்க்கில் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவார்கள். கொட்ட விடாதீர்கள். எல்லோரையும் அந்த மேசைக்குக் கூப்பிட்டு, பழுப்பு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அமிலம் போதாமலோ, அவசரமாக ஊற்றியதாலோ மாங்கனீஸ் ஏழிலிருந்து இரண்டு வரை இறங்காமல் நான்கிலேயே நின்று டையாக்சைடாகிவிட்டது. இந்த ஏழு, நான்கு, இரண்டு என்பவைதான் ஆக்சிஜனேற்ற எண்; அதை அந்தப் பிள்ளைகள் முதன்முதலாகக் கண்ணால் பார்க்கிறார்கள். கலங்க வைத்தவரைத் திட்டாமல், இதைக் காட்டியதற்கு நன்றி சொல்லுங்கள். அந்த மாணவர் அடுத்த வாரம் முன் வரிசைக்கு வந்துவிடுவார்.

அப்புறம் அந்த 63. டெசிநார்மல், அதாவது பத்தில் ஒரு நார்மல், ஆக்சாலிக் அமிலம் ஒரு லிட்டர் தயாரிக்க 6.3 கிராம் என்று ரெக்கார்டில் எல்லோரும் எழுதுகிறார்கள். 63 எங்கிருந்து வந்தது? படிகத்தின் மோலார் நிறை 126, அதில் பாதி; இதைச் சமான நிறை என்கிறோம். ஏன் பாதி? ஒவ்வொரு ஆக்சலேட்டும் இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது, இரண்டு கார்பனும் மூன்றிலிருந்து நான்குக்கு ஏறுகின்றன. பெர்மாங்கனேட்டில் 158-ஐ ஐந்தால் வகுத்து 31.6 என்கிறோம், மாங்கனீஸ் ஐந்து எலக்ட்ரான்களை வாங்குவதால். ஊடகம் நடுநிலையாக இருந்தால் மூன்றுதான் வாங்கும், அப்போது 52.7. சோடியம் ஹைட்ராக்சைடோடு செய்யும் டைட்ரேஷனிலும் ஆக்சாலிக் அமிலத்துக்கு 63-தான் வருகிறது. அங்கே காரணம் இரண்டு ஹைட்ரஜன் அயனிகள். இரண்டு இடத்திலும் ஒரே எண் வருவதால் காரணமும் ஒன்றே என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள், கவனமாக இருங்கள். நார்மாலிட்டியை (லிட்டருக்கு எத்தனை சமான நிறை என்ற செறிவு அளவு) முதல் மாதத்தில் கொடுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. முதலில் மோலிலேயே இரண்டு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து ஆக்சலேட் என்று கணக்கைப் போடட்டும். எலக்ட்ரான் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று வாயால் சொல்லத் தெரிந்தபின் நார்மாலிட்டி ஐந்து நிமிடப் பாடம்.

ரெக்கார்டில் ஒரு மாற்றம் கேளுங்கள். செய்முறைக்குக் கீழே, "பிளாஸ்க்குக்குள் என்ன நடந்தது" என்று ஒரு படமும் நான்கு வரியும். தமிழில் இருக்கலாம், ஆங்கிலத்தில் இருக்கலாம், கலந்தும் இருக்கலாம். வைவாவில் அந்த நான்கு வரியிலிருந்தே கேளுங்கள்.

வகுப்பறையில் "புரியுதா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள், தம்பி. அந்தக் கேள்விக்கு நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த மரியாதையான பதில் ஒன்றே ஒன்றுதான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் மஸூர் 1990-களில் தன் இயற்பியல் வகுப்புக்கு ஒரு முறை வகுத்தார். ஒரு கேள்வி, மூன்று நான்கு விடைகள். முதலில் தானாக யோசித்து விடை சொல்ல வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் வாதாட வேண்டும். பிறகு மறுபடி விடை சொல்ல வேண்டும். கருவி எதுவும் வேண்டாம். நெஞ்சுக்கு நேரே விரலைக் காட்டினால் போதும், பின்னால் இருப்பவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

பிணைப்புப் பாடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். ஹைட்ரஜன் மூலக்கூற்றில் இரண்டு அணுக்களையும் பிரித்தெடுக்கும்போது ஆற்றல் வெளிவருமா, செலவாகுமா, இரண்டும் இல்லையா? முதல் விரலைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். பயாலஜி குரூப் எடுத்தவர்கள் இன்னும் உறுதியாக இருப்பார்கள்; செல்லில் ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி. என்ற மூலக்கூற்றின் பிணைப்பு உடைந்து ஆற்றல் வருகிறது என்று படித்துவிட்டு வந்தவர்கள். நீங்கள் திருத்த வேண்டாம். பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். வகுப்பு சந்தைபோல இரையும்; பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அடுத்து எண்களைக் கொடுங்கள். ஹைட்ரஜன் மூலக்கூற்றின் பிணைப்பை உடைக்க மோலுக்கு 436 கிலோ ஜூல் செலவு, ஆக்சிஜன் மூலக்கூற்றுக்கு 498. நீரில் ஓர் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாகும்போது 463 வெளிவருகிறது. இரண்டு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் ஆக்சிஜனும் எரிந்தால் உடைக்கச் செலவு 1370, நான்கு பிணைப்பு உண்டாவதில் வரவு 1852. மிச்சம் 482 கிலோ ஜூல், அதுதான் சூடாகத் தெரிகிறது. உடைப்பது எப்போதும் செலவு, சேர்வது எப்போதும் வரவு. ஏ.டி.பி.யிலும் இதேதான், புதிதாக உண்டாகும் பிணைப்புகளின் வரவு பெரிதாக இருப்பதால் ஆற்றல் மிஞ்சுகிறது. இதைப் போர்டில் நீங்கள் எழுதாமல், முதலில் தவறாக விரல் காட்டிய ஒரு பிள்ளையை எழுந்து எழுதச் சொல்லுங்கள். பிழை செய்தால் வெட்கப்பட வேண்டியதில்லை என்று வகுப்பு நம்ப ஆரம்பிப்பது அங்கிருந்துதான். அந்த நம்பிக்கை வராத வகுப்பில் எந்த முறையும் எடுபடாது.

கால்குலேட்டரை ஒரு நாள் பாருங்கள். ஒரு கார்பன் அணுவின் நிறை என்ன என்று கேட்டால் 12 வகுத்தல் 6.022 பெருக்கல் 10 அடுக்கு 23 என்று வரிசையாகத் தட்டுகிறார்கள். கருவி முதலில் வகுத்து, பிறகு பெருக்கி, 1.99 × 10²³ கிராம் என்று காட்டும். அதை அப்படியே எழுதிவிடுகிறார்கள். நிலாவின் நிறையில் ஏறத்தாழ 370-ல் ஒரு பங்கு அது! அடைப்புக்குறி போடவோ, அடுக்குக்கென்று இருக்கும் பொத்தானை அழுத்தவோ சொல்லிக் கொடுத்தால் அடுக்கு மைனஸ் 23 ஆகிவிடும். பட்டனைச் சொல்லிக் கொடுப்பதோடு நிறுத்தாமல், விடை வந்ததும் "இது நடக்கிற காரியமா?" என்று ஒரு நொடி பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். கணக்கில் பயப்படும் பல பிள்ளைகளுக்கு வேதியியல் கஷ்டமே இல்லை, அடுக்குக்குறியும் மடக்கையும் (லாக்) தான் தடுக்கின்றன. பி.ஹெச். 3-க்கும் 5-க்கும் அமிலத்தன்மையில் எத்தனை மடங்கு வித்தியாசம் என்று கேட்டால் இரண்டு என்கிறார்கள், நூறு மடங்கு என்பது அவர்களுக்குச் செய்தியாக இருக்கிறது. முதல் இரண்டு வாரத்தில் வகுப்பு தொடங்கும்போது பத்து நிமிடம் இதற்கே ஒதுக்கினால் செமஸ்டர் முழுக்க மிச்சமாகும்.

தமிழிலேயே நடத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிப்பது தமிழில் நடக்கட்டும், சந்தேகமே வேண்டாம். வாதாடுவது, படத்தை விளக்குவது, ஏன் என்று கேட்பது எல்லாம் வீட்டில் பேசுகிற தமிழில்தான் தடையில்லாமல் வரும். ஆனால் உங்கள் கல்லூரியில் செமஸ்டர் தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் என்றால் அங்கே அவர்களைத் தனியாக விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு வகுப்பின் கடைசியிலும், அன்று தமிழில் பேசியதை இரண்டே இரண்டு ஆங்கில வாக்கியமாகப் பிள்ளைகளே எழுதட்டும், நீங்கள் போர்டில் திருத்துங்கள். இன்னொன்று, கையிலேயே இருக்கிற வசதி இது. தமிழ்நாடு அரசின் பிளஸ் ஒன் வேதியியல் புத்தகம் இரண்டு வழியிலும் ஒரே பாட வரிசையில் இருக்கிறது. அணு அமைப்பு இரண்டாம் பாடம், வேதிப் பிணைப்பு பத்தாம் பாடம் என்றால் இரண்டிலும் அதுவே. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பத்தியைத் தமிழில் படித்துவிட்டு அதே பத்தியை ஆங்கிலப் புத்தகத்தில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை ஆங்கிலத்தில் படிக்கும்போது பயம் பாதியாகக் குறையும்.

அதோடு உங்கள் இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பிளஸ் ஒன் பாடத்தை முதலிலிருந்து நடத்தாதீர்கள். நேரமும் போதாது, பிள்ளைகளும் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். முதல் செமஸ்டரில் வரும் அணு அமைப்பு, ஆவர்த்தனப் பண்பு, பிணைப்பு, கரிம வேதியியல் அடிப்படை எல்லாமே பிளஸ் ஒன்னில் இருப்பதன் தொடர்ச்சிதானே. அந்தந்தப் பாடம் வரும்போது முதல் வகுப்பைப் பழைய புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். அது போதும்.

உள்ளூர் உதாரணத்தை விட்டுவிடாதீர்கள், அதற்குள் ஒரு கேள்வியை வையுங்கள். பட்டாசில் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம் என்பது செய்தி. கேட்டு ரசிப்பதோடு முடிந்துவிடும். ஸ்ட்ரான்சியம் நைட்ரேட்டைச் சுடரில் காட்டிவிட்டு, "சிவப்பு ஸ்ட்ரான்சியத்தால வருதா, நைட்ரேட்டால வருதா? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டால் அது வேதியியல். சோடியம் நைட்ரேட்டைக் காட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள், மஞ்சள் வரும், நைட்ரேட் விடுபட்டுவிடும். அந்த மஞ்சள் எப்போது காட்டினாலும் 589 நானோமீட்டரிலேயே ஏன் வருகிறது என்ற இடத்தில் எலக்ட்ரானின் ஆற்றல் மட்டங்களைத் தொடங்குங்கள். நீல்ஸ் போரின் அணுக் கொள்கை வரிக்கு வரி மனப்பாடம் செய்யும் பாடமாக இல்லாமல், பார்த்த ஒன்றுக்கு விளக்கமாக வந்து சேரும். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் சிலர் வீட்டில் பட்டாசு வேலை செய்பவர்கள் இருப்பார்கள். அந்த வகுப்பில் அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும், சொல்ல விடுங்கள்.

மூத்தவர்கள் சொல்லும் இம்பார்ட்டன்ட் கொஸ்டினைப் பற்றி. அவர்கள் பிள்ளைகள் அரியர் வைத்துத் தவிப்பதைப் பார்த்தவர்கள், அக்கறையில்தான் சொல்கிறார்கள். அந்தக் கேள்விகளைக் கொடுங்கள், பயன்படுத்தும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக எழுதினார்கள்; ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முன்னால் இருந்தார்கள். தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி ஜெராக்ஸ் நோட்ஸைப் படித்துவிட்டு "எல்லாம் தெரியும்" என்று வருகிறவர்கள் ஹாலில் ஏன் திணறுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமைதோறும் வகுப்பின் முதல் ஐந்து நிமிடம், போன வாரத்தில் இருந்து ஒரே ஒரு பழைய கேள்வி, நோட்டை மூடிவிட்டு. மார்க் போட வேண்டாம். எழுதி முடித்ததும் நோட்டைத் திறந்து தாங்களே திருத்திக்கொள்ளட்டும்.

வீட்டுப் பாடத்தை அதிகம் நம்பாதீர்கள். விடியலுக்கு முன்னால் மல்லிகை பறித்துக் கொடுத்துவிட்டு வரும் பெண் உங்கள் வகுப்பில் இருக்கலாம். முகூர்த்த நாள் என்றால் மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகும் பையன்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. சாயங்காலம் ஒரே ஒரு டவுன் பஸ்ஸை நம்பி ஊர் திரும்புகிறவர்களுக்கு லைப்ரரி என்பது பெயரளவில்தான். கணக்கு போடுவது, படம் வரைவது, வாதாடுவது எல்லாம் வகுப்பு நேரத்திலேயே நடக்கட்டும். வெறுமனே எழுதி எடுக்க வேண்டியதை மட்டும் ஒரு பக்கத் தாளாகக் கொடுத்துவிடுங்கள். இப்படிச் செய்தால் சிலபஸ் முதல் மாதத்தில் பின்தங்கும். துறைத் தலைவரிடம் இன்றே சொல்லி வையுங்கள், இரண்டாவது இன்டர்னலுக்குள் ஈடுகட்டிவிடுவேன் என்று. மோலும் பிணைப்பும் பிடிபட்டுவிட்டால் மீதிப் பாடம் வேகமாக ஓடும்.

வராமல் போன அந்த இரண்டு பையன்களுக்கு இந்த வாரமே போன் செய்யுங்கள். அவர்கள் எடுக்கவில்லை என்றால் வீட்டில் அம்மாவிடம் பேசுங்கள். "ஏன் வரல?" என்று தொடங்காமல், "லேப்ல அவன் இடம் காலியா இருக்கும்மா" என்று தொடங்கிப் பாருங்கள். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதே சிக்கலாகும் என்பது பல வீடுகளில் தெரியாது, அதைப் பயமுறுத்தாமல் சொல்லுங்கள். பணம்தான் பிரச்சினை என்றால், ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்று 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கு அவர்கள் விண்ணப்பித்தார்களா என்று அலுவலகத்தில் பாருங்கள். ஆதாரோடு வங்கிக் கணக்கு இணையாததால் பணம் நின்றிருக்கவும் கூடும். வந்ததும் விட்டுப்போன பாடத்தை மொத்தமாகத் தலையில் ஏற்ற வேண்டாம். அந்த ஐந்து டம்ளர்களை வைத்து மோலை மட்டும் அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்துவிட்டு, அடுத்த லேபில் பொறுமையாகப் பேசத் தெரிந்த ஒரு மாணவரோடு பேட்ச் சேர்த்து பெர்மாங்கனேட் டைட்ரேஷனில் நிறுத்துங்கள். ரீடிங் சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை, பிளாஸ்க்கில் என்ன பார்த்தார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.